கத்தி பிடிப்பவரைத் தெரியும். மயக்கம் கொடுப்பவரைத் தெரியுமா?

திண்டிவனத்தில் இருந்து மரக்காணம் போகும் சாலையில் இருக்கிறது, பெருமுக்கல். ஊரை ஒட்டி ஒரு மலை. மலை மேல் சிவன் கோவில். இன்னும் கிழக்கே போனால் மரக்காணம். அங்கே கண்ணுக்கு எட்டிய தூரம் வரை உப்பளம். வெயிலில் பளபளக்கும் வெள்ளைக் குவியல்கள்.

உப்பளத்துக்கு வெயில்தான் வாழ்வு. வெயில் காய்ந்தால் உப்பு விளையும். ஐப்பசியில் மழை இறங்கிவிட்டால், பாத்தியில் தண்ணீர் நின்றுவிடும்; வேலையும் நின்றுவிடும். ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டியவர்களுக்கு அதுதான் தோதான நேரம். கூலி போகாது. படுத்து எழுந்திருக்கலாம்.

இந்தப் பக்கத்தில் உள்ள ஒரு குடும்பத்தை மனதில் வைத்துக்கொள்வோம். வீட்டுப் பெரியவருக்கு வயது 58. பல வருஷம் உப்பு சுமந்த உடம்பு. அடிவயிற்றில் குடலிறக்கம். இருமினால் பிதுங்கும், படுத்தால் உள்ளே போய்விடும்.

டாக்டர் பார்த்தார். "இன்றைக்கே செய்ய வேண்டும் என்ற அவசரம் இல்லை. ஆனால் தள்ளிப் போட்டுக்கொண்டே இருக்காதீர்கள். ஒரு நாள் பார்த்துச் செய்துவிடலாம்" என்றார்.

மகன் நாலு இடத்தில் விசாரித்தான். "அந்த டாக்டருக்குக் கைராசி" என்றார் ஒருவர். "இந்த டாக்டர் போட்ட தையல் தெரியவே தெரியாது" என்றார் இன்னொருவர். டாக்டரை முடிவு செய்தார்கள். நாள் குறித்தார்கள். பணம் புரட்டினார்கள்.

அப்போது மருமகள் கேட்டாள்: "மாமாவுக்கு மயக்க மருந்து யார் கொடுப்பார்கள்?"

வீட்டில் யாருக்கும் பதில் தெரியவில்லை.

"அங்கே யாராவது கொடுப்பார்கள்" என்றான் மகன்.

யாராவது! இந்த ஒரு சொல்லில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது.

மூச்சைக் காப்பவர்

மயக்க மருந்து டாக்டரின் வேலை என்ன? "ஒரு ஊசி போடுவார், போய்விடுவார்" என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அது தவறு.

முழு மயக்கத்தில் இருப்பவருக்கு இருமத் தெரியாது. எச்சிலை விழுங்கத் தெரியாது. சில மருந்துகள் தசைகளைத் தளர்த்திவிடும். அப்போது தானாக மூச்சு விடவும் முடியாது. தொண்டைக்குள் குழாய் வைத்து, அவருக்காக மூச்சை உள்ளே அனுப்பி வெளியே எடுப்பவர், மயக்க மருந்து டாக்டர். எவ்வளவு மருந்து, எவ்வளவு பிராண வாயு, எவ்வளவு ரத்தம், எவ்வளவு உப்பு நீர் என்று நிமிஷத்துக்கு நிமிஷம் கணக்குப் பார்ப்பவரும் அவரே.

முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரத்துப் போகச் செய்வது இன்னொரு முறை. குடலிறக்கம், பிரசவம் போன்ற ஆபரேஷன்களுக்கு இது மிகவும் வழக்கம். நோயாளி விழித்திருப்பார். இதனால், "இது சின்ன ஊசிதானே!" என்று தோன்றும். ஆனால் அந்த ஊசி போட்டதும் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கலாம். மரமரப்பு மேலே ஏறிவிட்டால் மூச்சும் தடைப்படலாம். பக்கத்தில் ஒருவர் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தால் உடனே சரி செய்துவிடுவார். பார்க்க ஆள் இல்லை என்றால்?

ஆபரேஷன் டாக்டரின் கண், அறுத்த இடத்தில் இருக்கும். இருக்கவும் வேண்டும். மயக்க மருந்து டாக்டரின் கண், நோயாளியின் உயிரில் இருக்கும். இரண்டு வேலைக்கும் இரண்டு பேர் தேவை.

கால் நகத்துக்காகப் போன உயிர்

மயக்க மருந்து வருவதற்கு முன்பு, ஆபரேஷன் என்றாலே நடுக்கம். நாலு பேர் நோயாளியை அமுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். அவர் அலற அலற அறுப்பார்கள்.

1846-ம் ஆண்டு அக்டோபர் 16-ந் தேதி இந்த நிலை மாறியது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ஆஸ்பத்திரியில், மார்ட்டன் என்ற பல் டாக்டர் ஒரு நோயாளிக்கு ஈதர் ஆவியைச் சுவாசிக்கக் கொடுத்தார். நோயாளி அலறவில்லை. கழுத்தில் இருந்த கட்டியை அறுத்தார்கள். கூடியிருந்த டாக்டர்கள் அசந்துவிட்டார்கள். ஐந்தே மாதத்தில், 1847 மார்ச்சில், கல்கத்தாவிலும் ஈதர் கொடுத்து ஆபரேஷன் நடந்தது.

அதே 1847-ல் குளோரோபாரம் வந்தது. ஒரு துணியில் சில சொட்டு விட்டு மூக்கருகே காட்டினால் போதும், மயக்கம் வந்துவிடும். "இவ்வளவு சுலபமா!" என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள்.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1848 ஜனவரி 28-ந் தேதி, இங்கிலாந்தில் நியூகாசில் நகருக்கு அருகே ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண்ணுக்குக் கால் விரல் நகத்தை எடுக்க வேண்டியிருந்தது. உயிர் போகிற வியாதி அல்ல. அவசரமும் இல்லை. சில மாதம் முன்பு இன்னொரு விரல் நகத்தை ஈதர் கொடுத்து எடுத்திருந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. இந்தத் தடவை குளோரோபாரம் கொடுத்தார்கள். சில நிமிஷத்தில் அந்தப் பெண் இறந்துபோனாள்.

கால் நகத்துக்காக உயிர் போனது! உலகம் விழித்துக்கொண்டது. ஆபரேஷன் சின்னதாக இருக்கலாம். மயக்கம் சின்னது அல்ல. அன்றைக்குக் கிடைத்த பாடம் இதுதான்.

ராணிக்கு வந்த தனி டாக்டர்

அந்தக் காலத்தில் லண்டனில் ஜான் ஸ்னோ என்ற டாக்டர் இருந்தார். காலரா தண்ணீர் மூலம் பரவுகிறது என்று 1854-ல் காட்டியவரும் இவரே. எந்த மருந்தை எவ்வளவு கொடுத்தால் மயக்கம் வரும், எவ்வளவு கொடுத்தால் ஆபத்து என்று அவர் ஆராய்ந்தார். மயக்க மருந்து கொடுப்பதையே தன் தொழிலாக்கிக்கொண்டார். ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் குறித்து வைத்தார்.

1853 ஏப்ரல் 7-ந் தேதி விக்டோரியா ராணிக்குப் பிரசவம். அரண்மனையில் டாக்டர்களுக்குப் பஞ்சமா? ஆனாலும் குளோரோபாரம் கொடுப்பதற்கு என்றே ஜான் ஸ்னோவைத் தனியாக வரவழைத்தார்கள். ஒரு கைக்குட்டையில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, 53 நிமிஷம் பக்கத்திலேயே இருந்து கொடுத்தார். தாயும் சேயும் நலம்.

நம் நாட்டிலும் இந்தத் தொழிலுக்குப் பெருமை உண்டு. குளோரோபாரம் பற்றி ஆராய ஐதராபாத்தில் 1888, 1889 ஆண்டுகளில் இரண்டு குழுக்கள் அமைந்தன. நிஜாம் அதற்குப் பண உதவி செய்தார். அங்கே குளோரோபாரம் கொடுத்துப் பழகியவர், ரூபாபாய் பர்தூன்ஜி என்ற பெண் டாக்டர். உலகத்திலேயே முதல் பெண் மயக்க மருந்து டாக்டர் என்று இவரைச் சொல்கிறார்கள்.

அன்று ராணிக்குக் கிடைத்தது, தனியாக ஒரு கண்காணிப்பு. இன்று உப்பளத் தொழிலாளிக்கும் அது வேண்டும். கேட்டால் கிடைக்கும்.

யார் கொடுக்கலாம்?

நாட்டுக்கு நாடு வழக்கம் வேறு. அமெரிக்காவில் மயக்க மருந்து டாக்டர்களும் உண்டு. அதற்கென்றே தனிப் படிப்புப் படித்த நர்சுகளும் உண்டு. சில மாநிலங்களில் அந்த நர்சுகள் டாக்டர் மேற்பார்வை இல்லாமலே மயக்க மருந்து கொடுக்கலாம். அதனால், "எனக்கு மயக்கம் கொடுப்பவர் டாக்டரா, நர்சா?" என்று நோயாளிகள் கேட்பதும் அங்கே உண்டு.

இந்தியாவில் டாக்டர்தான் கொடுக்க வேண்டும். எம்.பி.பி.எஸ். முடித்த பிறகு, மயக்கவியலில் மேல்படிப்பும் படித்திருக்க வேண்டும். எம்.டி., டி.என்.பி. என்றால் 3 வருஷம். டி.ஏ. என்ற பட்டயம் என்றால் 2 வருஷம். பெயர்ப் பலகையிலோ, மருந்துச் சீட்டிலோ இந்த எழுத்துகளைப் பார்க்கலாம். ஆனால் எம்.டி.யில் பல துறைகள் உண்டு. எந்தத் துறையில் எம்.டி. என்பதையும் பார்க்க வேண்டும்.

ஆபரேஷன் அறையில் டெக்னீஷியன்கள் இருப்பார்கள். கருவிகளைச் சரி பார்ப்பார்கள். மருந்தை எடுத்துக் கொடுப்பார்கள். டாக்டருக்கு அவர்கள் வலது கை. ஆனால் டாக்டருக்குப் பதிலாக நிற்கக் கூடாது.

ஒரு விதிவிலக்கு உண்டு. பிரசவத்தில் தாயின் உயிர் ஊசலாடும்போது, மயக்க மருந்து நிபுணர் வரும் வரை காத்திருக்க முடியாத ஊர்கள் நாட்டில் பல. அதற்காக அரசு, எம்.பி.பி.எஸ். டாக்டர்களுக்குத் தனிப் பயிற்சி கொடுக்கிறது. அது அவசரத்துக்கு ஏற்பட்ட ஏற்பாடு. உயிரைக் காக்கும் நல்ல ஏற்பாடு. அவசர வேளையில் கேள்வி கேட்டு நேரத்தை வீணாக்கக் கூடாது. நாள் குறித்துச் செய்கிற ஆபரேஷன் அப்படி அல்ல. அதில் கேட்பதற்கு நேரம் இருக்கிறது.

பெயர் தெரியாத டாக்டர்

பெரிய ஆஸ்பத்திரிகளில் மயக்க மருந்து டாக்டர்கள் அங்கேயே வேலை பார்ப்பார்கள். சிறிய ஆஸ்பத்திரிகள் பலவற்றில் அப்படி இல்லை. ஆபரேஷன் இருக்கும் நாளில் வெளியில் இருந்து ஒருவரைக் கூப்பிடுவார்கள். காலையில் ஒரு ஆஸ்பத்திரி, மாலையில் வேறு ஒன்று என்று போய்வருவார், அவர்.

இதில் தவறு ஒன்றும் இல்லை. நல்ல அனுபவசாலிகள் பலர் இப்படித்தான் வேலை செய்கிறார்கள். ஆனால் ஒரு தொல்லை உண்டு. நோயாளியை மேஜை மேல் படுக்க வைத்த பிறகுதான் அவர் முதல் தடவையாகப் பார்ப்பார். நோயாளிக்கு ஆஸ்துமா இருப்பது அப்போதுதான் தெரியும். அவர் காலையில் டீயும் பன்னும் சாப்பிட்டது அப்போதுதான் தெரியும். பல் ஆடுவதும் அப்போதுதான் தெரியும். முந்தின நாளே தெரிந்திருந்தால், எத்தனை வசதி!

இதைவிட ஆபத்தான வழக்கம் இன்னொன்று. செலவைக் குறைக்க, ஆபரேஷன் டாக்டரே முதுகில் ஊசி போட்டுவிட்டு, அவரே கத்தியையும் எடுப்பது. பஸ்சை ஓட்டிக்கொண்டே டிரைவர் டிக்கெட்டும் கொடுத்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இதுவும்.

இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

"இன்னார்தான் எனக்கு மயக்க மருந்து கொடுக்க வேண்டும்" என்று கேட்க நம்மால் முடியுமா? பெரும்பாலும் முடியாது. அரசு ஆஸ்பத்திரியில் அன்றைக்கு யாருக்கு முறையோ, அவர்தான் வருவார். தனியார் ஆஸ்பத்திரியிலும் அவர்கள் வழக்கமாகக் கூப்பிடுகிறவர்தான் வருவார்.

ஆளைத் தேர்ந்தெடுக்க முடியாமல் போகலாம். இடத்தைத் தேர்ந்தெடுக்கலாம். அதுதான் ஏழைக்கும் உள்ள உரிமை.

பெருமுக்கல் குடும்பத்துக்கு எத்தனை இடங்கள் இருக்கின்றன, பாருங்கள். மேற்கே திண்டிவனம் அரசு ஆஸ்பத்திரி. விழுப்புரம் பக்கம் போனால், முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. தெற்கே புதுச்சேரியில் ஜிப்மர். மருத்துவக் கல்லூரி என்றால் மயக்கவியலுக்கு என்றே ஒரு துறை இருக்கும். ஆபரேஷனுக்கு முன்பு நோயாளியைச் சோதிப்பார்கள். காத்திருக்க வேண்டியிருக்கும் என்பது உண்மை. ஆனால் உடம்பில் சர்க்கரை, இருதயக் கோளாறு, ஆஸ்துமா என்று ஏதாவது இருப்பவர்கள் காத்திருப்பதே நல்லது.

தனியார் ஆஸ்பத்திரி என்றால், முதல்-அமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை அங்கே செல்லுமா, இந்த ஆபரேஷன் அதில் அடங்குமா என்று முன்கூட்டியே கேளுங்கள். அடங்கும் என்றால், மயக்க மருந்து டாக்டரின் கட்டணமும் அந்தத் தொகையிலேயே சேர்ந்தது. "அதற்குத் தனியாகப் பணம் வேண்டும்" என்று பிறகு யாரும் கேட்கக் கூடாது.

ஐந்து கேள்விகள்

எந்த ஆஸ்பத்திரியானாலும், இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்:

1. மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் யார்? அவருடைய படிப்பு என்ன? டாக்டர்கள் தங்கள் பதிவு எண்ணைச் சீட்டில் போட வேண்டும் என்பது விதி. எனவே இது ரகசியம் அல்ல.

2. ஆபரேஷனுக்கு முன்பே அவர் நோயாளியைப் பார்ப்பாரா? எந்த நாள், எத்தனை மணிக்கு?

3. முழு மயக்கமா, முதுகு ஊசியா? ஏன் அந்த முறை?

4. ஆபரேஷன் முடியும் வரை அவர் அறையிலேயே இருப்பாரா? நினைவு திரும்பும் வரை பார்ப்பது யார்?

5. என்னென்ன கருவிகள் இருக்கின்றன? விரலில் மாட்டும் பிராண வாயுக் கருவியை 2020, 2021-ல் கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு பார்த்தோம். அதன் மூல யோசனையை 1970-களில் கண்டவர், ஜப்பானியரான டாகுவோ அயோயாகி. அந்தக் கருவி மாட்டப்பட்டு வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகே மயக்கம் கொடுக்க வேண்டும் என்று, உலக சுகாதார நிறுவனம் 2008-ல் வெளியிட்ட பட்டியல் சொல்கிறது.

"இப்படி எல்லாம் கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரே!" என்று பயப்பட வேண்டாம். மரியாதையாகக் கேட்கலாம். வீடு கட்டும்போது மேஸ்திரியைக் கேட்கிறோம். பெண் கொடுக்கும்போது ஊரையே கேட்கிறோம். உயிரைக் கொடுக்கும்போது கேட்கக் கூடாதா? நல்ல டாக்டர் பதில் சொல்வார்.

நாமும் மறைக்கக் கூடாது

கேட்பது பாதி. சொல்வது மறு பாதி.

பீடி, சிகரெட், குடி, புகையிலை எதையும் மறைக்காதீர்கள். வீட்டுப் பெண்கள் முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தால், டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள். ரத்த அழுத்தத்துக்கோ, சர்க்கரைக்கோ சாப்பிடும் மாத்திரையைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். நாட்டு மருந்து சாப்பிட்டாலும் சொல்லுங்கள். முன்பு எப்போதாவது மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதா? ரத்த உறவில் யாருக்காவது அப்படி ஆனதா? அதையும் சொல்லுங்கள். ஆடும் பல், கட்டிய பல், ஆஸ்துமா, கர்ப்பம் எல்லாம் அவருக்குத் தெரிய வேண்டும்.

"ஒன்றும் சாப்பிடாதீர்கள்" என்று சொன்னால், அது வெறும் சடங்கு அல்ல. மயக்கத்தில் வாந்தி வந்தால், வயிற்றில் உள்ளது நுரையீரலுக்குள் போய்விடும். உயிருக்கே ஆபத்து. பொதுவாக, லேசான உணவு சாப்பிட்டு 6 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். எண்ணெய்ப் பண்டம், கறி என்றால் 8 மணி நேரம். வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம். உங்களுக்கு எவ்வளவு என்பதை டாக்டர் சொல்வார். "பாவம், பசியோடு இருக்கிறாரே" என்று ஒரு இட்லியை ஊட்டிவிடாதீர்கள். அந்தப் பாசம் ஆளைக் கொன்றுவிடும்.

கையெழுத்துக்கு முன்

கடைசியில் ஒரு தாளை நீட்டுவார்கள். "கையெழுத்துப் போடுங்கள்" என்பார்கள். அதில் மயக்க மருந்துக்கும் சம்மதம் கேட்டிருப்பார்கள். படிக்கத் தெரிந்தவர்கள் படியுங்கள். தெரியாதவர்கள் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

இந்தக் கையெழுத்து எவ்வளவு பெரியது என்பதை 2008 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு கூறிய ஒரு தீர்ப்பு காட்டுகிறது. வயிற்றுக்குள் கருவி விட்டுச் சோதித்துப் பார்க்க ஒரு பெண் சம்மதித்து, மயக்கத்தில் இருந்தார். வெளியே இருந்த அவருடைய தாயாரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்கள். அந்தப் பெண் வழக்குத் தொடுத்தார். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, நோயாளி கண் விழித்த பிறகு அவரையே கேட்டிருக்க வேண்டும் என்று கோர்ட்டு சொன்னது. நல்ல நினைவோடு இருக்கும் பெரியவருக்காக அவர் தாயாரே ஆனாலும் சம்மதம் கொடுக்க முடியாது என்றும் கூறியது.

மயக்கத்தில் இருப்பவருக்கு வாய் இல்லை. அதனால்தான், வாய் இருக்கும்போதே கேட்க வேண்டும்.

முந்தின நாள்

நாம் மனதில் வைத்த குடும்பத்துக்குத் திரும்புவோம். மருமகளின் கேள்வியை எடுத்துக்கொண்டு மகன் ஆஸ்பத்திரிக்குப் போனான் என்று வைத்துக்கொள்வோம். ஆபரேஷனுக்கு முந்தின நாள், மயக்க மருந்து டாக்டர் வருகிறார். பெண் டாக்டர். பெரியவரின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறார். மார்பில் குழாய் வைத்துக் கேட்கிறார்.

"ஐயா, பீடி உண்டா?"

பெரியவர் மருமகளைப் பார்க்கிறார். தலையைக் குனிகிறார். "உண்டு, டாக்டரம்மா. ஒரு நாளைக்கு ஒரு கட்டு."

"சொன்னீர்களே, அதுவே நல்லது. நெஞ்சில் சளி இருக்கிறது. பத்து நாள் போகட்டும். பீடியை விடுங்கள். மருந்து தருகிறேன். அப்புறம் செய்துகொள்ளலாம்."

மகனுக்குச் சலிப்பு. குறித்த நாள் தவறிவிட்டது. ஆட்டோவுக்குக் கொடுத்த பணமும் போயிற்று.

மருமகளுக்கு ஆறுதல். ஆஸ்பத்திரிச் சீட்டின் பின்பக்கத்தில் அந்த டாக்டரம்மாவின் பெயரை எழுதி, மடித்து, முந்தானையில் முடிந்துகொள்கிறாள்.

மழைக்காலம் முடிய இன்னும் நாள் இருக்கிறது. பத்து நாள் கழித்து ஆபரேஷன் செய்துகொண்டாலும், அடுத்த உப்புப் பருவத்துக்குள் பெரியவர் எழுந்து நடப்பார்.